ஒரே சொல், இரண்டு அலுவலகம்: பாறசாலை – நெய்யாற்றின்கரை எல்லையூர்களில் ஆங்கிலச் சொற்களின் பொருள் வரலாறு

பாறசாலையில் ஒருவர் ‘வில்லேஜில் போய்ட்டு வாறேன்’ என்று சொன்னால், அவர் நிலவரி கட்டவோ வருமானச் சான்று வாங்கவோ கிளம்புகிறார் என்று பொருள். அங்கே ‘வில்லேஜ்’ ஒரு அலுவலகம். வில்லேஜ் ஆபீசர் உட்காரும் இடம் அது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் களியக்காவிளையைக் கடந்துவிட்டால், அதே வேலைக்குப் போகிறவர் ‘வி.ஏ.ஓ.வைப் பார்த்துட்டு வாறேன்’ என்பார். தமிழ்நாட்டின் பொதுவழக்கில் ‘வில்லேஜ்’ நகரமல்லாத ஊரைக் குறிக்கும். ‘நான் வில்லேஜ்ல வளர்ந்தவன்’ என்று சென்னையில் சொல்பவர் அலுவலகத்தை நினைப்பதில்லை. எல்லையின் இருபுறமும் பேசுபவர்கள் பெரும்பாலும் உறவினர். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். ஒரே சந்தைக்குப் போகிறவர்கள். தமிழும் மலையாளமும் இருபுறத்தாருக்கும் புரியும். அப்படியிருக்க, இந்த ஒரு சொல்லின் பொருள் மட்டும் ஏன் எல்லையில் முறிகிறது?

இந்தக் கேள்விக்கு மொழியை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இந்த ஊர்களில் என்ன பொருள் நிலைத்தது என்பதை, அந்தச் சொல்லைச் சுமந்து வந்த நிறுவனமே முடிவுசெய்தது. மிஷன், சர்க்கார், பஸ், ரப்பர் வணிகம் என்று ஒவ்வொன்றும் தனக்கான ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது. 1956இல் அலுவலகங்கள் இரண்டு மாநிலங்களாகப் பிரிந்தபோது, அலுவலகத்தைச் சார்ந்திருந்த சொற்களின் பொருளும் பிரிந்தது. அலுவலகத்தைச் சாராதவை பிரியவில்லை.

பலபொருள் ஒருசொல் தமிழிலக்கணத்துக்குப் புதிதல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் அத்தகைய சொல்லின் பொருளை உடன்வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்கிறது. பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரேயால் 1897இல் தம் பொருண்மையியல் நூலில் இதே நிகழ்வுக்கு ஒரு கலைச்சொல் அமைத்தார். ஒரு சொல்லின் பல பொருள்கள் ஒரே சமூகத்தின் வெவ்வேறு தொழில்களில், வெவ்வேறு இடங்களில் கிளைப்பவை என்பது அவர் கருத்து. தொல்காப்பியம் சொல்லும் ‘சார்பு’ இதனோடு நன்றாகப் பொருந்துகிறது. நம் எல்லையூர்களில் அந்தச் சார்பு பெரும்பாலும் ஒரு கட்டடமாகவும் அதன் வாசலில் தொங்கும் பலகையாகவும் இருந்திருக்கிறது.

பிரிவதற்கு முன் இருந்த பரப்பு

நன்னூல் உரைகள் எண்ணும் கொடுந்தமிழ் நாடுகள் பன்னிரண்டில் வேணாடும் ஒன்று. கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரம் தாண்டி விரிந்த அந்த நாட்டின் நடுவில்தான் நெய்யாறு ஓடுகிறது. 1856இல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், தமிழ் வழங்கும் எல்லையைக் கன்னியாகுமரியிலிருந்து திருவனந்தபுரத்தின் அண்மை வரை என்று வரைந்தார். அப்படிப் பார்த்தால் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழும் மலையாளமும் கலந்த பரப்புக்குள் வருகின்றன. ஒருமொழி ஊருக்கு வந்த ஆங்கிலச் சொல் ஒரே உச்சரிப்பைப் பெறும். இங்கே வந்த சொல்லுக்கு இரண்டு உச்சரிப்புகள் காத்திருந்தன. இந்த ஒலி விவரம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பொருள் மாற்றத்தில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆங்கிலத்தின் குறுகிய ஒகர ஒலியைத் தமிழ் ஆகாரமாக்குகிறது. மலையாளம் பெரும்பாலும் ஓகாரமாக வைத்துக்கொள்கிறது. நாம் டாக்டர், காலேஜ், பாக்ஸ் என்கிறோம். அவர்கள் டோக்டர், கோளேஜ், போக்ஸ் என்கிறார்கள். விளைவு என்ன? குடிக்கும் காப்பியும் பார்த்து எழுதும் காப்பியும் தமிழில் ஒரே சொல்லாகிவிட்டன. மலையாளத்தில் முன்னது காப்பி, பின்னது கோப்பி. ஊராட்சி ஒன்றியத்தைக் குறிக்கும் பிளாக்கும் கள்ளச்சந்தையைக் குறிக்கும் பிளாக்கும் தமிழ்க் காதுக்கு ஒன்று. மலையாளக் காதுக்கு ஒன்று ப்ளோக், மற்றது ப்ளாக். தேர்வில் வாங்கும் பாசும் முதலாளியைக் குறிக்கும் பாசும் எழுத்தில் அப்படியே. ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருந்த சொற்கள் தமிழுக்குள் வந்ததும் ஒன்றாகி, புதிய பலபொருள் ஒருசொற்களாகப் பிறந்திருக்கின்றன. அகராதி தொகுப்பவர்கள் இதைத் தனியாகக் குறிக்க வேண்டும். இவை பொருள் கிளைத்த சொற்கள் அல்ல, ஒலி கலந்த சொற்கள்.

ஆனாலும் தெற்கு மலையாளத்தில் ஒரு விதிவிலக்கு. திருவிதாங்கூர் ஆவணங்களிலும் பழைய பெயர்ப்பலகைகளிலும் ‘ஓஃபீஸ்’ என்பதற்குப் பதிலாக ‘ஆஃபீஸ்’ என்றே எழுதியிருக்கும். தாலூக் ஆஃபீஸ், வில்லேஜ் ஆஃபீஸ் என்ற அந்த எழுத்து, தமிழ் ஒலிப்பும் மலையாள ஒலிப்பும் ஒரே சர்க்காரின் கீழ் இருந்த காலத்தின் சான்று என்றே நான் கருதுகிறேன்.

மிஷன், சார், பகுதி

ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்ததிலிருந்து லண்டன் மிஷனரி சங்கத்தின் பணி தென்திருவிதாங்கூரில் பரவத் தொடங்கியது. பாறசாலை அதன் முக்கிய நிலையங்களுள் ஒன்றானது. அங்கே பணியாற்றிய ஜான் ஆப்ஸ், திருவிதாங்கூரில் தாம் கழித்த 22 ஆண்டு மிஷன் அனுபவங்களை 1870இல் நூலாக்கினார். ஆங்கிலத்தில் ‘மிஷன்’ என்றால் அனுப்பப்படுதல், ஏற்ற பணி. ஊர் வாயில் அது மண்ணோடு ஒட்டிய சொல்லாகியது: மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் வளாகம். ‘எல்.எம்.எஸ்.’ என்ற மூன்றெழுத்து இன்னும் உறுதியாக ஒட்டிக்கொண்டது. லண்டனில் அந்தச் சங்கம் 1966இல் வேறு பெயருக்குள் கரைந்துவிட்டது. இங்கே பள்ளிகளின் பெயரிலும், திருவனந்தபுரத்தில் ஒரு சந்திப்பின் பெயரிலும் அது இன்றும் வழங்குகிறது. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவாகி, அதன் தென்திருவிதாங்கூர்ப் பேராயம் 1959இல் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாகப் பிரிந்தது. பேராயம் பிரிந்தும் ‘மிஷன்’ என்ற சொல்லின் பழைய பொருள் இருபுறமும் ஒன்றாகவே நிற்கிறது. எல்லை வரையப்படுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே அது வேர்விட்டுவிட்டது என்பதே காரணம்.

பள்ளிக்கூடம் கொண்டுவந்த சொற்களில் மிக ஆழமாக மாறியது ‘சார்’. ஆங்கிலத்தில் அது ஆணை மரியாதையாக விளிக்கும் சொல். தமிழ்நாட்டில் முன்பின் தெரியாத யாரையும் ‘சார்’ என்று கூப்பிடலாம். கடைக்காரரும் சார், பக்கத்து இருக்கைப் பயணியும் சார். தெற்குத் திருவிதாங்கூரில் அது விளியாக நிற்காமல் பெயர்ச்சொல்லாகவும் ஆனது: ஆசிரியர் என்று பொருள். ‘நம்ம சார் வந்தாச்சு’ என்றால் வகுப்பாசிரியர் வந்துவிட்டார். திருவனந்தபுரம் பக்கத்தில் ஆசிரியையையும் ‘சாறே’ என்று கூப்பிடும் வழக்கம் உண்டு. ஆண்பால் விளியாகப் பிறந்த சொல், பதவியைக் குறித்த மாத்திரத்தில் பாலை இழந்துவிட்டது. மொழியியலில் பொருள் சுருக்கம் என்றும் விரிவு என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். இங்கே இரண்டும் ஒரே சொல்லில் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன: யாரையும் குறித்தது ஆசிரியருக்குச் சுருங்கியது; ஆணை மட்டும் குறித்தது பெண்ணுக்கும் விரிந்தது.

இந்தச் சொல் கேரளத்தில் அண்மையில் அரசியல் பொருளாகவும் மாறியது. பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சி 2021இல், மக்கள் தன் அலுவலகத்தில் சார், மேடம் என்று விளிக்க வேண்டியதில்லை என்று முடிவெடுத்தது. 2023 ஜனவரியில் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையம், பள்ளிகளில் இருபாலாரையும் ‘டீச்சர்’ என்றே அழைக்கலாம் என்று அறிவுறுத்தியது. பால்வேற்றுமையை நீக்க எடுத்த முயற்சி அது. தெற்கே ஊர்ப்பேச்சு வேறொரு வழியில் அந்த வேற்றுமையை முன்பே தளர்த்திவிட்டிருந்தது.

அடுத்து சர்க்கார். ரெசிடெண்ட் ஜான் மன்றோ 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்து ஆட்சி அமைப்பை மாற்றினார். தாலுகா, தாசில்தார், ஜில்லா கோர்ட் எல்லாம் அந்தக் காலத்தில் நிலைபெற்றன. ஆனால் அடிமட்டத்தில் சர்க்கார் தன் பழைய சொல்லை விடவில்லை. வருவாய் ஊருக்குப் பெயர் ‘பகுதி’. அதை நடத்தியவர் பார்வத்தியகாரர். கேரளத்தில் பிற்காலத்தில் ‘வில்லேஜ்’ உட்கார்ந்த நாற்காலி இந்தப் பகுதியின் நாற்காலி. அதனால்தான் கேரளத்து வில்லேஜ் மனிதர் வாழும் ஊரைக் குறிக்காமல் வரிக்கணக்கு வைக்கும் அலகைக் குறிக்கிறது. ஆங்கில உடை போட்டது புதிது, உள்ளே இருக்கும் பொருள் திருவிதாங்கூருடையது. தமிழ்நாட்டுப் பக்கம் வந்த வழி வேறு. பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசு 1980இல் ஒழித்து, கிராம நிர்வாக அலுவலர் பதவியை அமைத்தது. அதன் ஆங்கில முதலெழுத்துகளே மக்கள் வழக்காயின. ஒரே நிலம், ஒரே வேலை. கேரளத்தில் ‘வில்லேஜ்’ அலுவலகமானது, இங்கே ‘வி.ஏ.ஓ.’ ஆளும் அலுவலகமும் ஆனார்.

கோர்ட்டு வழியாக வந்த ‘பார்ட்டி’ இன்னும் நுட்பமானது. ஆங்கிலத்தில் அது வழக்கின் தரப்பு, அரசியல் கட்சி, விருந்து மூன்றையும் குறிக்கும். இந்த மூன்று அறைகளையும் இரு மொழிகளும் வெவ்வேறு விதமாகப் பங்கிட்டுக்கொண்டன. தமிழில் அரசியல் அமைப்பு ‘கட்சி’. ‘பார்ட்டி’ என்றால் வாங்க வந்தவர் அல்லது குறிப்பிட்ட ஆள்: ‘நல்ல பார்ட்டி, பணம் சரியாத் தருவான்’. மலையாளத்தில் அப்படியே தலைகீழ். ‘கக்ஷி’ என்றால் வழக்கின் தரப்பு, பேச்சில் ‘அந்த ஆள்’. அரசியல் அமைப்பு ‘பார்ட்டி’. அதிலும் அடைமொழி இல்லாமல் ‘பார்ட்டி’ என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் பொதுவுடைமைக் கட்சிதான். 1957 ஏப்ரலில் இ.எம்.எஸ். தலைமையில் பொதுவுடைமைக் கட்சி அமைச்சரவை அமைந்த மாநிலத்தில் இப்படிச் சுருங்கியது இயல்பே. கட்சியும் கக்ஷியும் ஒரே மூலத்திலிருந்து வந்த உடன்பிறப்புச் சொற்கள். தமிழிலும் பழைய நீதிமன்றப் பொருள் முழுதாக அழியவில்லை. வக்கீல் இன்றும் தம்மிடம் வந்தவரைக் ‘கட்சிக்காரர்’ என்கிறார். நெய்யாற்றின்கரைக் கோர்ட்டு வளாகத்தில் தமிழும் மலையாளமும் தெரிந்த ஒருவர் இந்த நான்கு பொருள்களையும் ஒரே உரையாடலில் இடறாமல் கையாள முடியும். இருமொழித் திறனைப் பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாலையும் பள்ளியும் யாருக்கு என்பது பற்றிய போராட்டமும் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில்தான் நடந்தது. வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யன்காளி 1893இல் வில்வண்டியில் ஏறிப் பொதுச்சாலையில் போனார். ஊரூட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்கப் போனது கலவரத்தில் முடிந்தது. ‘பப்ளிக்’ என்ற சொல்லுக்குள் யார் அடக்கம் என்பதை அகராதி சொல்லித் தரவில்லை; வண்டியில் ஏறியவர் சொல்லித் தந்தார். அதே நெய்யாற்றின்கரைப் பக்கம் இன்று ‘பப்ளிக் ஸ்கூல்’ என்ற பலகை கட்டணம் வாங்கும் தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாட்டப்படுகிறது. இங்கிலாந்திலும் அந்தச் சொல் பழைய தனியார் பள்ளிகளையே குறிக்கிறது என்பதால், இதைத் தவறான வழக்கு என்று தள்ளிவிட முடியாது.

1938இன் பஸ்ஸும் 1956இன் கோடும்

திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்துத் துறை 1938 பிப்ரவரி 20இல் தொடங்கியது. லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து வந்த ஈ.ஜி. சால்ட்டர் அதன் பொறுப்பாளர். திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாக நாகர்கோவில் செல்லும் சாலையில்தான் அதன் முதல் வண்டிகள் ஓடின. ‘டிரான்ஸ்போர்ட்’ என்ற சொல் அன்றே ‘அரசு பஸ்’ என்ற பொருளைப் பெற்றுவிட்டது. தனியார் வண்டி பஸ். சர்க்கார் வண்டி டிரான்ஸ்போர்ட்.

அதே 1938இல் ‘ஸ்டேட்’ என்ற சொல்லும் தெருவுக்கு வந்தது. திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் தோன்றிய ஆண்டு அது. ஆகஸ்டில் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. அன்றைக்கு ஸ்டேட் என்றால் மகாராஜாவின் நாடு. பின்னர் மார்ஷல் நேசமணி வழிநடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஒன்பது தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்கக் கேட்டது. அவற்றுள் நெய்யாற்றின்கரையும் உண்டு. மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955இல் அறிக்கை தந்தது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு முழுமையாகவும் செங்கோட்டை பகுதியாகவும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இன்று இந்தச் சாலையில் ‘அதர் ஸ்டேட்’ என்றால் எதிரே வரும் வண்டியின் எண்பலகை. பாறசாலையின் கே.எல். 19க்கும் நெய்யாற்றின்கரையின் கே.எல். 20க்கும் மார்த்தாண்டத்தின் டி.என். 75 அதர் ஸ்டேட்.

பஸ் சொற்கள் பிரிந்த விதத்தில்தான் என் வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று கிடைக்கிறது. கேரள மாநிலப் போக்குவரத்துக் கழகம் 1965இல் அமைந்தது. நெய்யாற்றின்கரையில் ‘டிப்போவில் இறங்கணும்’ என்று பயணி சொல்வார். அங்கே பணிமனையும் பயணிகள் ஏறுமிடமும் ஒரே வளாகம். தமிழ்நாட்டில் பஸ் ஸ்டாண்டை நகராட்சியோ ஊராட்சியோ நடத்துகிறது. கழகத்தின் பணிமனை வேறிடத்தில் இருக்கிறது. எனவே ‘டிப்போ’ வண்டி தூங்கும் இடம், பயணி அங்கே போக மாட்டார். நிர்வாக ஏற்பாடு மாறியதால் மட்டுமே பொருள் மாறியிருக்கிறது. இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அமரவிளைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவே வண்டிகள் தேங்கி நின்றால் அங்குள்ளவர் ‘ப்ளோக்கு’ என்பார். நம் பக்கம் அதற்கு ‘டிராஃபிக்’. போக்குவரத்து என்று பொருள்படும் சொல், போக்குவரத்து நின்றுபோனதைக் குறிக்க வந்திருக்கிறது.

பிரியாத சொற்கள்

அலுவலகத்துக்கு வெளியே கதை வேறு. ‘காப்பி குடிச்சாச்சா, மக்களே?’ என்று விளவங்கோட்டுப் பக்கத்தில் காலையில் கேட்டால், தோசையோ புட்டோ தின்றாயா என்று பொருள். பாறசாலையில் ‘காப்பி குடிச்சோ?’ என்பதற்கும் அதே பொருள். பானத்தின் பெயர் காலையுணவின் பெயராகிவிட்டது. இங்கிலாந்தின் சில பகுதிகளில் ‘டீ’ என்பது மாலையுணவைக் குறிப்பதும் இதே தடத்தில்தான். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் அந்த இடத்தை ‘டிபன்’ பிடித்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் மதிய வேளைச் சிற்றுணவுக்கு வைத்திருந்த அந்தச் சொல்லை 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி விரிவாகப் பதிந்திருக்கிறது. காப்பியைக் காலையுணவாக்கியது வீடு. வீட்டை 1956 பிரிக்கவில்லை, சொல்லும் பிரியவில்லை.

ரப்பர் இன்னும் வலுவான சான்று. 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி, பென்சில் எழுத்தைத் தேய்த்தழிக்க இந்தப் பொருள் உதவுகிறது என்று குறித்தார். தேய்ப்பது என்ற வினையிலிருந்து பெயர் வந்தது. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து விதைகளைக் கியூ தோட்டத்துக்கு எடுத்துப் போனார். 1902இல் பெரியாற்றங்கரையின் தட்டேக்காட்டில் ஜே.ஜே. மர்ஃபி வணிகத் தோட்டம் போட்டார். மதுரையிலோ சேலத்திலோ ‘ரப்பர்’ என்றால் பிள்ளைகளின் அழிப்பான். வெள்ளறடையிலும் குலசேகரத்திலும் ரப்பர் என்றால் மரம், தோட்டம், வருமானம். ‘அவனுக்கு ரெண்டு ஏக்கர் ரப்பர் உண்டு’ என்பார்கள். மரத்திலிருந்து வடிவது பால்; சிரட்டையில் உறைந்து ஒட்டியிருப்பது ஒட்டுபால்; உருளையில் அழுத்திப் புகையில் உலர்த்தியது ஷீட். மற்ற ஊர்களில் ஷீட் என்றால் கூரை. செய்தித்தாளின் விலைப்பகுதியில் வரும் ஆர்.எஸ்.எஸ். 4 என்ற எழுத்துகள் இங்கே புகையூட்டிய ஷீட்டின் தரம். உழவர் முதலில் தேடிப் பார்ப்பது அதைத்தான்.

மாநில எல்லை இந்தச் சொற்களை ஏன் தொடவில்லை? விலை கோட்டயத்தில் முடிவாகிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ரப்பர் வாரியம் கேரளத்தையும் கன்னியாகுமரி மாவட்டத்தையும் சேர்த்தே மரபான ரப்பர்ப் பகுதி என்று கொள்கிறது. இங்கே நிறுவனம் பிரியவில்லை.

பாஸ், லைஃப், காலனி

2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபின் வணிகவரிச் செக்போஸ்ட்டுகள் மூடப்பட்டன. அமரவிளையில் கலால் செக்போஸ்ட் நீடித்தது. மூன்றாண்டுக்குள், கொரோனா ஊரடங்கில், எல்லை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு இறுகியது. 2020 மே மாதம் கேரளத்துக்குள் நுழைய அனுமதித்த சோதனைச்சாவடிகளுள் இஞ்சிவிளையும் ஒன்று. அதுவரை ‘பாஸ்’ என்றால் தேர்வு, பஸ் சலுகை, பாங்கில் கடன் ஒப்புதல். அந்த மாதங்களில் ‘பாஸ் கிடைச்சதா?’ என்றால், இறந்தவரின் முகம் பார்க்கவோ மருத்துவமனைக்குப் போகவோ அடுத்த ஊருக்குள் நுழையலாமா என்ற கேள்வி. களியக்காவிளைக்காரருக்குப் பாறசாலை உறவு வீடு அயல்மாநிலம் என்பதை, ஒரு சொல்லின் புதிய பொருள் அந்த நாட்களில் கண்முன் காட்டியது.

கேரளத்தின் ‘லைஃப் மிஷன்’ வீடற்றோர்க்கு வீடு தரும் திட்டம். ‘லைஃபில் வீடு கிட்டி’ என்று அப்பக்கம் சொல்கிறார்கள். தமிழ்நாட்டு உறவினருக்கு லைஃப் இன்னும் வாழ்க்கைதான். அரசு தரும் வீடு அவருக்குத் தொகுப்பு வீடு. பழைய மிஷன் பள்ளி கட்டியது, புதிய மிஷன் வீடு கட்டுகிறது. இரண்டாவது பொருள் எல்லையில் நின்றுவிட்டது.

ஆனால் ஒரு சொல் எல்லையைப் பொருட்படுத்தவில்லை. அதன் பொருள் இருபுறமும் ஒரே கொடுமையோடு விளைந்தது. ‘காலனி’ லத்தீன் மூலத்தில் குடியேற்றம், பின்னர் பேரரசின் ஆட்சிப்பகுதி. இங்கே அரசு ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு ஊருக்கு வெளியே கட்டிக்கொடுத்த வீட்டுத் தொகுதிகளுக்கு அந்தப் பெயர் வைத்தது. ஆவணத்தில் நலத்திட்டமாக எழுதப்பட்ட சொல், தெருவில் சாதியைச் சொல்லும் சொல்லாகிவிட்டது. ‘காலனிக்காரன்’ என்ற ஒரு சொல்லில் முகவரி, சாதி, இழிவு மூன்றையும் அடக்கிவிட முடிந்தது. பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் முகவரி எழுதும் பிள்ளை அதைத் தன் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. ஒரே மாதிரியான நிர்வாகம், ஒரே மாதிரியான ஒதுக்கல். ஆகவே நெய்யாற்றின்கரையிலும் விளவங்கோட்டிலும் ஒரே பொருள்.

2024 ஜூன் 18இல் கேரள அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் பதவி விலகும் முன் பிறப்பித்த கடைசி ஆணை, இத்தகைய குடியிருப்புகளுக்குக் காலனி என்ற பெயரை நீக்கி நகர், உன்னதி, பிரகிருதி போன்ற பெயர்களையோ அங்கு வாழ்பவர் விரும்பும் வட்டாரப் பெயர்களையோ வைக்கச் சொன்னது. 2025 ஏப்ரல் 29இல் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். முதல் அறிவிப்பு பாறசாலைக்கும் இரண்டாவது களியக்காவிளைக்கும் பொருந்தும். இரண்டுக்கும் இடையே பத்து மாதமே இடைவெளி.